நான்கு அண்டாவும் ஒரு நாள்காட்டியும்: அண்ணனின் இருதுருவ நோயும் ஏழு ஆண்டுச் சிகிச்சையும்

என் அண்ணனுக்கு வயது 41. மின்தூக்கிப் பராமரிப்பு வேலை. சிங்கப்பூரின் ஈசூனில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு. அண்ணி, இரண்டு பிள்ளைகள், எங்கள் அம்மா எல்லாரும் சேர்த்து ஐந்து பேர். இருதுருவக் கோளாறு, ஒரு நேரம் சோர்வும் இன்னொரு நேரம் அளவுமீறிய உற்சாகமும் வரும், ஆஸ்பத்திரியில் ‘பைபோலர்’ என்று சொல்லும் நோய், அவருக்கு இருப்பது 2018இல் தெரிய வந்தது. அன்று முதல் வந்த ரசீது, மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் நான் ஒரு கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன். அந்தக் கோப்பை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

“என் பேரு மட்டும் வேணாம் தங்கச்சி. மத்ததெல்லாம் எழுது, கடன் விஷயத்தையும் எழுது” என்றார் அண்ணன். எழுதி முடித்ததும் படித்துப் பார்த்து இரண்டு இடங்களில் திருத்தினார்.

2016இல் எடுக்கப்பட்ட சிங்கப்பூர் மனநல ஆய்வின்படி, இங்குள்ள பெரியவர்களில் 1.6 விழுக்காட்டினருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் இந்த நோய் வந்திருக்கிறது. ஏறக்குறைய அறுபது பேரில் ஒருவர். ஒரு திருமண விருந்தில் முந்நூறு பேர் உட்கார்ந்தால் அதில் நாலைந்து பேர். ஆனால் நம்மவர்களில் இதைப் பற்றி வாய்திறந்து பேசியவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன்.

கோப்பைத் திரும்பத் திரும்பப் புரட்டியதில் எனக்குத் தெளிவானது ஒன்றுதான். அண்ணனை நிமிர்த்திய மாத்திரை மலிவானது. எங்கள் வீட்டைக் கடனில் தள்ளியவை, அந்த மாத்திரை வருவதற்கு முன்னால் நடந்தவையும் அதை நிறுத்திய பிறகு நடந்தவையும்.

முதல் சறுக்கல்

2017 கடைசியில் அப்பா தவறினார். மூன்று மாதம் கழித்து அண்ணன் ஒடுங்கிப் போனார். வேலைக்குப் போவார், வருவார், படுப்பார். சாப்பாடு இறங்கவில்லை. கருமாதி முடிந்தும் துக்கம் ஆறவில்லை என்று நினைத்தோம். அண்ணி பக்கத்தில் இருந்த ஒரு மருந்தகத்துக்கு அழைத்துப் போனார். பத்து நிமிடம் பேசிவிட்டு, மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள்.

இதற்கு முன் எப்போதாவது உற்சாகம் எல்லை மீறியிருந்ததா என்ற ஒரு கேள்வியை அந்த டாக்டர் கேட்கவில்லை. நாங்களும் அதைச் சொல்லவில்லை. 2011இல், அண்ணனுக்குக் கல்யாணம் ஆகும் முன்பு, இரண்டு மாதம் அவர் வேறு ஆளாக இருந்தார். இரவு மூன்று மணி நேரம்தான் தூக்கம். ஓவர்டைம் மேல் ஓவர்டைம். திடீரென்று ஒரு மோட்டார்சைக்கிள் வாங்கினார். சித்தப்பாவோடு கைகலப்பு வரை போனார். ‘இளரத்தம்’ என்று விட்டுவிட்டோம். அது நோயின் மறுதுருவம் என்று யாருக்குத் தெரியும்?

இருதுருவ நோய் பலருக்குச் சோர்வாகத்தான் முதலில் டாக்டரிடம் வருகிறது. சோர்வு வந்தால்தானே ஆஸ்பத்திரி நினைவு வரும்? உற்சாகம் பொங்கும்போது யார் டாக்டரைத் தேடுவார்கள்? மனநிலையைச் சமன்படுத்தும் மருந்து துணைக்கு இல்லாமல் சோர்வுக்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால், சிலருக்கு அது எதிர்த் துருவத்துக்குத் தூக்கி எறிந்துவிடும். அண்ணனுக்கு மூன்றே வாரத்தில் அது நடந்தது.

ஒரு நாள் அதிகாலை இரண்டு மணிக்கு என் கைப்பேசியில் வரிசையாகக் குரல் பதிவுகள். பிரியாணி கேட்டரிங் தொடங்கப் போகிறாராம், தீவு முழுக்கக் கிளைகளாம். விடிந்ததும் போய்ப் பார்த்தேன். அவர் வீட்டு வாசலில், நடைபாதையில், லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வாங்கிய நான்கு பெரிய அண்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. அடுக்களையில் அண்ணன் மசாலா வறுத்துக்கொண்டிருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தது. பேச்சு நிற்கவே இல்லை. “முருகன் கனவுல வந்து சொன்னாரு தங்கச்சி” என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கு அடிவயிறு கலங்கியது.

ஐந்து வாரத்தில் 28,000 வெள்ளி போனது. மூன்று வங்கிகளின் கடன் அட்டை, ஒரு கடைக்கு முன்பணம், அண்டா, அடுப்பு, அச்சடித்த விளம்பரத் தாள்கள்.

அந்த ஐந்து வாரத்தில் நாங்கள் என்ன செய்தோம் என்பதையும் எழுத வேண்டும். செய்வினை என்று ஒருவர் சொல்ல, ஜோகூர் பாருவில் கயிறு மந்திரிப்பவரிடம் இரண்டு வெள்ளிக்கிழமை அழைத்துப் போனோம். அம்மாவை இதற்காகக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மகன் கண்முன்னே மாறிப் போகிறான், யாரும் காரணம் சொல்லவில்லை, ஒருவர் மட்டும் ‘எனக்குத் தெரியும்’ என்கிறார். யார்தான் போகமாட்டார்கள்? கடனில் பெரும்பகுதி அந்த இரண்டு வாரத்தில் வந்ததுதான்.

கடைசியில் ஒரு நள்ளிரவு, புளோக்கின் கீழே சத்தம் போட்டு, தடுக்க வந்த பக்கத்து வீட்டுக்காரரைத் தள்ளிவிட்டார். போலீஸ் வந்தது. கைவிலங்கு போடுவார்கள், வழக்கு வரும் என்று அண்ணி அழுதார். அவர்கள் அண்ணனை நேரே மனநலக் கழகத்துக்குத்தான், புவாங்கோக்கில் இருக்கும் அரசாங்க மனநல ஆஸ்பத்திரிக்குத்தான், கொண்டு போனார்கள். 2008ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்பு, சிகிச்சைச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடியவரைப் போலீஸ் டாக்டரிடம் ஒப்படைக்கலாம். டாக்டர் முதலில் 72 மணி நேரம் வரை வைத்திருக்கலாம். அதற்குள் இன்னொரு டாக்டர் பார்த்து, தேவை என்றால் ஒரு மாதம் வரை நீட்டிக்கலாம். அது தண்டனை இல்லை, வழக்கும் இல்லை. இதை யாராவது முன்கூட்டியே எங்களுக்குச் சொல்லியிருந்தால், அந்த இரவுக்காகக் காத்திருந்திருக்க மாட்டோம். அங்கே அவசரப் பிரிவு 24 மணி நேரமும் திறந்திருக்கிறது. நாங்களே கூட்டிக்கொண்டு போயிருக்கலாம்.

தமிழில் கேட்ட நான்கு கேள்விகள்

வார்டில் டாக்டர் அம்மாவிடம் ஆங்கிலத்தில் கேட்டார். அம்மா தலையாட்டினார். எனக்கும் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. “அவருடைய மனநிலை உயர்வாக இருந்ததா” என்று கேட்டால் என்னவென்று சொல்வது? சந்தோஷமாகத்தான் இருந்தார் என்றேன். அப்போது தமிழ் பேசும் தாதி ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எங்கள் பக்கம் உட்கார்ந்தார்.

“எத்தனை மணி நேரம் தூங்குனாரும்மா?”

“ரெண்டு, மிஞ்சிப்போனா மூணு.”

“மறுநாள் களைப்பா இருந்தாரா?”

“இல்லம்மா. எங்க எல்லாரையும் விட தெம்பா இருந்தான்.”

“பேச்சு?”

“அடக்கவே முடியலை. ஒண்ணு முடியறதுக்குள்ள இன்னொண்ணு.”

“இதுக்கு முன்னாடி எப்பவாவது இப்படி இருந்திருக்காரா?”

அண்ணி என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “அந்த மோட்டார்சைக்கிள் வாங்கின வருஷம்.”

தாதி டாக்டரைத் திரும்பிப் பார்த்தார். டாக்டர் எழுதத் தொடங்கினார். ஏழு ஆண்டுகளாகக் கிடைக்காத பெயர் அந்த ஒரு பதிலில் கிடைத்தது.

‘டிப்ரஷன்’ என்றால் இப்போது எல்லாருக்கும் புரிகிறது. மறுதுருவத்துக்கு நம் பேச்சில் சரியான சொல் இல்லை. ‘தலைக்கேறிடுச்சு’, ‘காசைத் தண்ணியா இறைக்கிறான்’, ‘கால் தரையில நிக்கலை’ என்கிறோம். டாக்டருக்கு வேண்டியவை அந்தச் சொற்கள்தான். குறைவாகத் தூங்கியும் களைப்பில்லாமல் இருப்பது இந்த நோயின் மிக முக்கியமான அடையாளங்களில் ஒன்று. அதை எங்கள் வீட்டில் எல்லாரும் பார்த்தோம், ஒருவரும் சொல்லவில்லை. மலிவான சிகிச்சை என்று பேசும்போது மருந்து விலையையும் மானியத்தையும்தான் பேசுகிறோம். வாய்ச்சொல் புரியும் ஒரு மனிதர் எதிரில் இருப்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

உப்பு போன்ற ஒரு மருந்து

மூன்று வாரம் வார்டில் இருந்தார். வெளியே வரும்போது லித்தியமும், பொங்கும் மனத்தைத் தணிக்கும் ஓலன்சபைனும் கொடுத்தனுப்பினார்கள்.

லித்தியம் பழைய மருந்து. ஆஸ்திரேலிய டாக்டர் ஜான் கேட் 1949இல் அது இந்த நோயைக் கட்டுப்படுத்துவதைக் கண்டு எழுதினார். யாரிடமும் காப்புரிமை இல்லாத, பூமியிலிருந்து எடுக்கும் ஓர் உப்பு. மலிவாகக் கிடைப்பதற்கு அதுவும் காரணம். நோய் திரும்ப வராமல் தடுப்பதிலும் தற்கொலை ஆபத்தைக் குறைப்பதிலும் அதற்கு உள்ள சான்று வலுவானது.

ஆனால் அளவு விஷயத்தில் அது கண்டிப்பான மருந்து. ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை இருந்தால் பொதுவாக நல்லது, சிலருக்கு 1.0 வரை வைப்பார்கள். 1.5ஐத் தாண்டினால் நச்சு. அதனால் கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் ஆகியவற்றையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

“கிட்னி போயிடும்” என்று உறவினர்கள் சொன்னது முழுப் பொய் இல்லை. நீண்ட காலம் எடுப்பவர்களில் சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படுவது உண்டு. சோதனையே அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். சோதித்துக்கொண்டே சாப்பிட வேண்டிய மருந்து என்று சொன்னால் அது உண்மை. சாப்பிடவே கூடாத மருந்து என்று சொன்னால் அது ஒருவரை ஆஸ்பத்திரிக்குத் திருப்பி அனுப்பும் வேலை. அண்ணன் விஷயத்தில் அதுதான் நடந்தது.

எங்கே தவறினோம்

வீட்டுக்கு வந்ததும் குடும்பம் கூடிப் பேசியது. அரசாங்க மனநல ஆஸ்பத்திரிக்குத் தொடர்ந்து போனால் பதிவில் ஏறிவிடும், வேலை போகும், நாளைக்குப் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசும்போது வெளியே வரும். இப்படியே பயந்து தனியார் மனநல மருத்துவரிடம் மாற்றினோம். நல்ல டாக்டர், பொறுமையாகப் பேசுவார். ஒவ்வொரு முறையும் மருந்தோடு சேர்த்து நானூறு வெள்ளிக்கு மேல் ஆனது. மறுபக்கம் கடன் அட்டைத் தவணை மாதம் 700 வெள்ளி. வார்டில் இருந்த நாள்களுக்கும் பிறகு எடுத்த விடுப்புக்கும் ஓவர்டைம் கிடையாது. அண்ணன் சம்பளத்தில் ஓவர்டைம்தான் பாதி.

ஆக, மாதம் ஒருமுறை போனவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போனார். பிறகு மூன்று. மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டார், ‘நாள் தள்ளும்’ என்று. உடம்பும் மனமும் நன்றாக இருந்தன. 2019 டிசம்பரில் நிறுத்தியேவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு மிகவும் கூடும். திரும்பியது. இந்த முறை சோர்வாக வந்தது. 2020 ஏப்ரல் 7ஆம் தேதி கிருமித்தொற்றுக்காக நாடே வீட்டுக்குள் முடங்கியபோது அண்ணன் கட்டிலில் முடங்கினார். மே மாதத்தில் ஓர் இரவு அண்ணியிடம் சொன்னாராம்: “நான் இல்லன்னா உங்களுக்கு இந்தக் கடன் தொல்லை இருக்காது.”

அண்ணி இந்த முறை யாரிடமும் ஆலோசனை கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. உதவி எண்ணுக்கு அழைத்தார், அவர்கள் சொன்னபடி அன்றிரவே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போனார். யாராவது இப்படிப் பேசினால், ‘சும்மா சொல்றார்’ என்று விடாதீர்கள். சமாரிட்டன்ஸ் என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 1767. மனநலக் கழகத்தின் உதவி எண் 6389 2222. இரண்டும் 24 மணி நேரமும் உண்டு.

சரியான வாசல்

அவசரம் தணிந்த பிறகு ஒரு மருத்துவ சமூக சேவையாளர் எங்களை உட்கார வைத்து, இந்த நாட்டில் சிகிச்சைக்குப் பணம் எப்படி ஓடுகிறது என்று தாளில் படம் போட்டுக் காட்டினார். அந்தத் தாள் இன்றும் கோப்பில் இருக்கிறது. அரை மணி நேரப் பேச்சு. 2018இல் அது எங்களுக்குக் கிடைத்திருந்தால் எத்தனை ஆயிரம் வெள்ளி மிஞ்சியிருக்கும்!

அவர் சொன்னதில் முதலாவது: எந்த வாசல் வழியாகப் போகிறோம் என்பதை வைத்துத்தான் விலை. பலதுறை மருந்தகத்திலிருந்தோ (பாலிகிளினிக்), சாஸ் என்ற அரசாங்க மானியத் திட்டத்தில் உள்ள பொது மருத்துவரிடமிருந்தோ பரிந்துரைக் கடிதத்தோடு போனால், அரசாங்க ஆஸ்பத்திரியின் நிபுணத்துவ வெளிநோயாளி மருந்தகத்தில் மானிய நோயாளி. குடும்ப வருமானத்தைப் பொறுத்து ஆலோசனைக் கட்டணத்தில் 70 விழுக்காடு வரை மானியம் கிடைக்கும். மானியப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு 75 விழுக்காடு வரை. அதே ஆஸ்பத்திரிக்குத் தானாகவே போய் இன்ன டாக்டர் வேண்டும் என்று கேட்டால் முழுக் கட்டணம்.

இரண்டாவது: மத்திய சேமநிதியில் மருத்துவச் செலவுக்கென்று இருக்கும் மெடிசேவ் பணத்தை இந்த நோய்க்கு எடுக்கலாம். நீரிழிவு, ரத்த அழுத்தம் போல இருதுருவ நோயும் நாட்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்தில் இருக்கிறது. 2021 முதல் ஆண்டுக்கு 500 வெள்ளி, சிக்கலான நிலை என்றால் 700 வெள்ளி வரை. ஒவ்வொரு ரசீதிலும் 15 விழுக்காட்டைக் கைக்காசாகக் கட்ட வேண்டும். அண்ணனின் கணக்கு காய்ந்திருந்தால் அண்ணியின் மெடிசேவும் உதவும்.

மூன்றாவது: இத்தனைக்குப் பிறகும் கட்ட முடியாதவர்களுக்கு மெடிஃபண்ட் இருக்கிறது. 1993இல் அரசாங்கம் தொடங்கிய நிதி. குடிமக்களுக்கு, மானியச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு. சமூக சேவையாளர் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். வெட்கப்படாமல் கேளுங்கள். அண்ணனுக்கு ஓராண்டு அது கைகொடுத்தது.

அப்புறம் கடன். கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்ற லாபநோக்கற்ற அமைப்பு மூன்று வங்கிகளோடும் பேசி, தவணையை ஒன்றாக்கி, வட்டியைக் குறைத்துக் கொடுத்தது. மாதம் 700 வெள்ளி 420 ஆனது. மனநோய்க்கும் கடன் ஆலோசனைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் உண்டு. என் கோப்பில் இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. தவணை குறைந்த மாதத்திலிருந்து அண்ணன் ஒரு வேளை மாத்திரையைக்கூட விடவில்லை.

நான் கேர்கிவர்ஸ் அலையன்ஸ் நடத்தும் 12 வார வகுப்பில் சேர்ந்தேன். இலவசம். பராமரிப்பவர்களுக்கு அதே பாதையைக் கடந்தவர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். மூன்றாவது வாரம் எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு ஆண்டுகளில் முதல்முறையாக ‘அது உன் தப்பு இல்லை’ என்று ஒருவர் சொன்னார்.

தைப்பூசம்

சிகிச்சை சீரான பிறகும் ஒரு பெரிய விபத்து நடந்தது. தமிழ் வீடுகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கிருமித்தொற்றால் இரண்டு ஆண்டு நின்றிருந்த பாத ஊர்வலம் 2023 தைப்பூசத்துக்குத் திரும்பியது. அண்ணன் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டார். தன்னைக் காப்பாற்றியதற்கு நன்றி. டிசம்பரிலேயே விரதம் தொடங்கினார். ஒரு வேளைச் சோறு, அதுவும் உப்பு குறைத்து. வேலை இடத்திலோ மின்தூக்கிக் குழிக்குள் இறங்கினால் சட்டை பிழியும் அளவு வியர்வை. முதுகு வலிக்குச் சக ஊழியர் ஒருவர் டைக்ளோஃபெனாக் கொடுத்தார். ஒரு வாரம் அதையும் போட்டார்.

பூசத்துக்கு ஒன்பது நாள் முன்பு, காலையில் காப்பிக் குவளையை எடுத்தவர் கையிலிருந்து பாதிக் காப்பி மேசையில் சிந்தியது. விரதக் களைப்பு என்றார். மறுநாள் வயிற்றுப்போக்கு. அதற்கடுத்த நாள் நாக்குக் குழறியது, நடை தள்ளாடியது. குடித்திருக்கிறாரோ என்று பார்க்கிறவர்கள் நினைத்திருப்பார்கள். அவசரப் பிரிவில் ரத்தம் எடுத்தார்கள். லித்தியம் 1.9.

நடந்தது இதுதான். சிறுநீரகம் உப்பையும் லித்தியத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடத்துகிறது. உடம்பில் உப்பும் நீரும் குறைந்தால், உப்பைச் சேமிக்கிறேன் என்று லித்தியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபென் போன்ற வலி மாத்திரைகள் லித்தியம் வெளியேறுவதை இன்னும் மட்டுப்படுத்தும். விரதம், வியர்வை, வலி மாத்திரை மூன்றும் ஒரே மாதத்தில் சேர்ந்துகொண்டன. நோன்பு பிடிக்கும் நம் முஸ்லிம் சகோதரர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மருந்தை நிறுத்தி, சலைன் ஏற்றி, நான்கு நாளில் அளவு இறங்கியது. மாற்று மருந்தைப் பற்றியும் டாக்டர் பேசினார். வால்ப்ரோயேட் ஒன்று, கார்பமாசெபின் இன்னொன்று. கார்பமாசெபினைப் புதிதாகத் தொடங்கும் முன் ஆசிய நோயாளிகளுக்கு ஒரு மரபணுப் பரிசோதனை செய்யும்படி இங்கே 2013 முதல் பரிந்துரை இருக்கிறது. சிலருக்குத் தோலையே உரிக்கும் கடுமையான ஒவ்வாமை வரக்கூடும் என்பதால். கடைசியில் லித்தியத்தையே குறைந்த அளவில் திரும்பத் தொடங்கினார்கள்.

அந்த ஆண்டு அண்ணன் காவடி எடுக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்தார். எனக்கு அதைவிடப் பெரிய விஷயம், டாக்டர் விரதத்தைக் கிண்டல் செய்யவில்லை, ‘இனி கோயில் கூடாது’ என்று சொல்லவுமில்லை. “அடுத்த வருஷம் வேண்டுதல் இருந்தா டிசம்பர்லயே என்கிட்ட வாங்க” என்றார். போனோம். 2024 தைப்பூசத்துக்கு அண்ணன் பால்குடம் எடுத்தார். சைவச் சாப்பாடு உண்டு, பட்டினி இல்லை, உப்பு வழக்கம்போல். இரண்டு வாரம் முன்பு ரத்தப் பரிசோதனை: 0.7. பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை அண்ணி தண்ணீர்ப் புட்டியோடு கூடவே நடந்தார்.

பக்கத்துத் தெரு டாக்டர்

நிலைமை சீரானவர்களைப் பொது மருத்துவரிடம் ஒப்படைக்கும் கூட்டுத் திட்டத்தை மனநலக் கழகம் 2005 முதல் நடத்துகிறது. அண்ணன் 2023 பிற்பாதியில் அதில் சேர்ந்தார். வீட்டிலிருந்து எட்டு நிமிட நடை. சனிக்கிழமை காலையிலும் திறந்திருக்கும்.

இந்த சனிக்கிழமை சாதாரண விஷயம் இல்லை. அதுவரை புவாங்கோக் போய் வர ஒவ்வொரு முறையும் அரை நாள் சம்பளம் போனது, மேலாளரிடம் ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது. எந்த மானியக் கணக்கிலும் இந்தச் செலவு வராது.

அண்ணன், அண்ணி இருவர் சம்பளமும் சேர்த்து மாதம் 6,800 வெள்ளி, ஐந்து பேருக்கு வகுத்தால் 1,360. அவர் சேர்ந்தபோது தலைக்கு 1,500 வெள்ளிக்குள் இருந்தால் நீல நிறச் சாஸ் அட்டை. அண்ணனுக்கு ரத்த அழுத்தமும் இருப்பதால் சிக்கலான நாட்பட்ட நோய் என்ற பிரிவில் ஒரு வருகைக்கு 125 வெள்ளி வரை, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை மானியம். மீதியில் பெரும்பகுதி மெடிசேவ். கடைசி ரசீதில் கைக்காசு பதினொரு வெள்ளிதான்.

ஒரே டாக்டர் இரண்டு நோயையும் பார்ப்பதில் இன்னொரு நன்மை இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் லித்தியத்தை ஏற்றிவிடும். இவர் அதைத் தெரிந்து அம்லோடிபின் கொடுத்தார். ஒரு மருந்து இங்கே, ஒரு மருந்து அங்கே என்று வாங்கிக்கொண்டிருந்தால் யார் கவனிப்பார்கள்?

2024 பிப்ரவரியில் நாடாளுமன்றம் மனநலத்தை விரிவாக விவாதித்தது. 2030க்குள் எல்லாப் பலதுறை மருந்தகங்களிலும், கூடுதலாக 900 பொது மருத்துவர்களிடமும் மனநலச் சேவை கிடைக்கும் என்று அரசாங்கம் சொல்லியிருக்கிறது. அப்படி வரும் மருந்தகங்களில் தமிழ் பேசும் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது என் ஆசை, கோரிக்கையும்கூட. ஆண்டுக்கு 500 வெள்ளி என்ற மெடிசேவ் வரம்பு, வாழ்நாள் முழுக்க மருந்தும் சோதனையும் தேவைப்படுகிறவருக்குப் பற்றாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணனின் கூட்டாளி

இந்த வாசல்கள் எல்லாருக்கும் திறக்கவில்லை. அண்ணனோடு வேலை பார்த்த, புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவருக்கு இதே நோய். வேலை அனுமதிச் சீட்டில் வந்தவர். மானியம் இல்லை, மெடிசேவ் இல்லை, மெடிஃபண்ட் இல்லை. சட்டப்படி அவர் மருத்துவச் செலவு முதலாளியுடையது. 2023 ஜூலை முதல் குறைந்தது 60,000 வெள்ளிக்குக் காப்புறுதி எடுக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. ஆனால் அது ஆஸ்பத்திரியில் படுப்பதற்கும் பகல்நேர அறுவைச் சிகிச்சைக்கும். மாதாமாதம் மாத்திரை வாங்கி மனத்தைச் சமமாக வைத்துக்கொள்ளும் வேலைக்கு அது வராது. நோய் முற்றி வார்டில் படுத்தால் பணம் இருக்கிறது, முற்றாமல் தடுக்கப் பணம் இல்லை.

வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் ஹெல்த்செர்வ் அமைப்பின் ஆலோசகர் ஒருவர் அவரோடு பேசினார், கொஞ்ச நாள் தாங்கினார். இரண்டு மாதத்தில் வேலை முடிந்து ஊருக்கு அனுப்பப்பட்டார். இப்போது மாவட்ட அரசு மருத்துவமனையில் மருந்து வாங்குகிறார், காசு இல்லாமல். அண்ணனோடு வாட்ஸ்அப்பில் பேசுகிறார். ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் இன்னும் இருக்கிறது. அவரைப் பற்றி எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஒரே மின்தூக்கிக் குழிக்குள் இருவரும் இறங்கினார்கள்.

நாள்காட்டி

அண்ணன் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் பக்கத்தில் ஒரு தமிழ் மாத நாள்காட்டி தொங்குகிறது. ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும், ராகு காலத்துக்குக் கீழே, அண்ணி பென்சிலால் ஓர் எண் எழுதுகிறார். முந்தைய இரவு அண்ணன் தூங்கிய மணி நேரம். வகுப்பில் நான் கற்றுவந்து சொன்னது. கைப்பேசிச் செயலியெல்லாம் வேண்டாம், இதுவே போதும் என்றார் அண்ணி.

2024 அக்டோபர் பக்கத்தைப் பார்த்தால் 7, 7, 6, 7 என்று போகும். தீபாவளிக்குப் பத்து நாள் முன்பிலிருந்து 5, 4, 4, 3. தேக்காக் கடைத்தெருவுக்கு இரவு இரவாகப் போய்வந்தார். பிள்ளைகளுக்கு ஒரே நாளில் ஆறு உடுப்பு வாங்கினார். மூன்று என்று எழுதிய காலையில் அண்ணி பென்சிலை வைத்துவிட்டு டாக்டருக்கு அழைத்தார். அன்று மாலையே அண்ணன் போனார். எரிச்சலோடுதான் போனார், ஆனால் போனார். ஓலன்சபைன் அளவைக் கூட்டி, இரண்டு வாரம் விடுப்புச் சீட்டுக் கொடுத்தார்கள். வங்கி அட்டைகளை அவரே எடுத்து அண்ணியிடம் நீட்டினார். நல்ல நிலையில் இருந்தபோது இருவரும் பேசி எழுதி வைத்த ஒப்பந்தம் அது. தீபாவளி அன்று கொஞ்சம் மந்தமாக, ஆனால் எங்களோடு உட்கார்ந்து, இட்லியும் கறியும் சாப்பிட்டார். வார்டு இல்லை, போலீஸ் இல்லை, கடன் இல்லை. அந்த மாதக் கடைசியில் கட்டங்களில் மறுபடி 7 வந்தது.

அந்த அண்டாக்களில் மூன்றை விற்றுவிட்டோம். நான்காவதை அம்மா விடவில்லை. பேரனின் பிறந்தநாளுக்கு அதில்தான் அண்ணன் பிரியாணி போட்டார், முப்பது பேருக்கு. இரவு பத்து மணிக்கெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.